புகையிலையும் பள்ளிக்கூடமும்

கேள்வி: அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் மாஸசூஸெட்ஸிலும் குடியேற்றங்களை நிறுவியவர்கள் ஆங்கிலேயர்கள்தாமே? பிறகு வாழ்க்கை முறையில் ஏன் இத்தனை பேதம்?

பதில்: தேசம் ஒன்றுதான்; கப்பலேறிய நோக்கம் வேறு. 1607-இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் இறங்கியவர்கள் ஒரு வர்த்தகக் கம்பெனியின் லாபத்தை நாடி வந்த ஆடவர்கள். 1630-இல் மாஸசூஸெட்ஸின் பாஸ்டனில் குடியேறிய பியூரிட்டன்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரோ, தங்கள் மனச்சாட்சிக்கு உகந்த முறையில் தெய்வத்தை வழிபட மனைவி மக்களோடு வந்த குடும்பஸ்தர்கள். வர்ஜீனியாவில் புகையிலையே பயிர், புகையிலையே பணம். மண்ணின் சாரத்தை அது விரைவில் உறிஞ்சிவிடுவதால், புது நிலம் தேடித் தோட்டங்கள் நதிக்கரையெங்கும் சிதறிப் பரவ, ஊர் என்ற ஒன்று உருவாவதே அரிதாயிற்று. பியூரிட்டன்களோ தேவாலயத்தைச் சுற்றி நெருங்கி வாழ்ந்தமையால், 1636-இல் ஹார்வர்டு கல்லூரிக்கு வித்திட்டதோடு, ஐம்பது குடும்பங்கள் உள்ள ஒவ்வோர் ஊரும் ஓர் ஆசிரியரை நியமிக்க வேண்டுமென்று 1647-இல் சட்டமும் செய்தனர். வர்ஜீனியாவின் கவர்னர் பெர்க்லியோ, தம் பிரதேசத்தில் இலவசப் பள்ளிகளும் அச்சகமும் இல்லாமைக்காகக் கடவுளுக்கு நன்றி கூறி 1671-இல் எழுதினார்! இவ்விஷயத்தில் என் பட்சபாதம் பாஸ்டனுக்கே.

அதற்காகப் பியூரிட்டன்களை மகாத்மாக்களாக்கிவிட வேண்டாம். தாங்கள் கோரிய சுதந்திரத்தைப் பிறருக்கு மறுத்து, 1659 முதல் 1661 வரை குவேக்கர்கள் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினர் நால்வரைத் தூக்கிலிட்டவர்கள் அவர்கள். அடிமைத் தாயின் சிசுவும் அடிமையே என்ற கொடிய சட்டத்தை 1662-இல் வர்ஜீனியா இயற்றியது மெய். ஆனால் அடிமை முறைக்கு முதன்முதலில், 1641-இலேயே, சட்ட அங்கீகாரம் அளித்த ஆங்கிலக் குடியேற்றம் மாஸசூஸெட்ஸ்தான்.