செத்தும் வாங்கும் குழாய்

சீதக்காதி வள்ளல் அடங்கிய ஊர் கீழக்கரை. மண்ணுக்குள் போன பிறகும் கையை நீட்டிப் படிக்காசுப் புலவருக்கு மோதிரம் கொடுத்தாராம். அதே மண்ணில் இன்று குழாய்கள் செத்துக் கிடக்கின்றன. அவையும் கையை நீட்டுகின்றன, வாங்குவதற்கு.

"லாத்தா, தண்ணி வந்துச்சா?"

"பில்லு வந்துச்சு."

இந்தக் கரையோர ஊர்களில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. கேட்பு அறிவிப்பு தவறாமல் வந்துவிடும். குடிநீர்க் கட்டணம், பழைய நிலுவை, கீழே வழக்கமான மிரட்டல்: கட்டத் தவறினால் இணைப்பு துண்டிக்கப்படும். எதை ஐயா துண்டிப்பீர்கள்? மூச்சு நின்று கிடப்பவனிடம் போய்த் தூக்கில் போடுவேன் என்கிறீர்களே!

மகன் துபாயில். உம்மா வாட்ஸ்அப்பில் பில்லைப் படம் பிடித்து அனுப்புகிறார். அவன் வேலை முடிந்து அறைக்கு வந்து, போனைத் தட்டுகிறான். கடல் தாண்டிப் பணம் நொடியில் வந்துவிடுகிறது. திருச்சியிலிருந்து வரவேண்டிய காவிரித் தண்ணீருக்குத்தான் வழி தெரியவில்லை.

வழி போடாமலும் இல்லை. 616 கோடி ரூபாயில் காவிரி கூட்டுக் குடிநீர்த் திட்டம், 2009இல் திறந்தார்கள். ஆற்று மணலில் உறிஞ்சிய நீர் புதுக்கோட்டை, சிவகங்கை தாண்டி வரவேண்டும். நடுவில் குழாய் உடைப்பு, மின்தடை, திருட்டு இணைப்பு. கடைக்கோடியில் குடத்தோடு நிற்பவர்கள் நாம். அதற்கும் முன்பே, 1990களின் இறுதியில், நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க ஆலை, நாளுக்கு 38 லட்சம் லிட்டர் என்றார்கள். பிறகு குதிரைமொழியில் 6 கோடி லிட்டர் என்று அறிவிப்பு. குழாயில் வறண்ட காலத்திலும் செய்தித்தாளில் தண்ணீர் வற்றியதே இல்லை.

பாதாளச் சாக்கடை இல்லாத ஊருக்குக்கூட ஆளுக்கு நாளொன்றுக்கு 70 லிட்டர் என்பது ஒன்றிய அரசின் அளவுகோல். இங்கே அளக்க எதுவும் வேண்டாம். மீட்டர் கிடையாது, மாதத்துக்கு இவ்வளவு என்று தட்டையான கட்டணம். குளித்தாலும் அதே தொகை, நாக்கு வறண்டாலும் அதே தொகை. இப்படியொரு சமத்துவத்தை எந்தக் கட்சியும் கொண்டுவந்ததில்லை!

வாசலில் குழி தோண்டி, குழாயை வெட்டித் தாழ்த்தி, அதற்குள் இறங்கிக் கிண்ணத்தால் மொண்டு குடம் நிரப்புவது பெண்கள். மோட்டார் வைத்து உறிஞ்சினால் பறிமுதல். லாரிக்காரன் மணி அடித்தால் ஓடு, கேட்ட காசைக் கொடு. ஒரே தாகத்துக்கு இரண்டு இடத்தில் காசு. இரண்டில் ஏமாற்றாதவன் லாரிக்காரன்தான். குடத்தை எண்ணித்தான் காசு வாங்குகிறான்.

சொத்து வரியை அரையாண்டின் முதல் மாதத்திலேயே கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை தருகிறார்கள். தாமதித்தால் வட்டி. சரி, தண்ணீர் தாமதித்தால் எனக்கு யார் வட்டி தருவது? அந்த விதியை எழுதுகிற பேனாவில் மட்டும் மை தீர்ந்துவிடுமா?

பணம் கட்டமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. ரசீதில் ஒரு கட்டம் கூட்டுங்கள்: இந்த அரையாண்டில் தண்ணீர் விட்ட நாள்கள், ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம். அதை நிரப்பி, பொறுப்பான அதிகாரி பெயரெழுதிக் கையெழுத்துப் போடட்டும். நிலுவை மொத்தமும் மறுநாள் காலையே கவுண்டருக்கு வந்து சேரும்.