முடியா வழக்கு: இலங்கைச் சட்டத்துக்கு ஓர் உரை

மண்ணது கலத்தது வடக்கது என்ன
மூவகைத் தாகும் முடியா வழக்கே.

இது நூற்பா. ஆக்கியோன் நான்தான், வேறு ஆள் கிடைக்காததால் உரைகாரனும் நானே. என்னுதலிற்றோ எனின், இலங்கையில் நடக்கும் சட்டங்கள் எங்கெங்கு பிறந்தன என்று உணர்த்துதல் நுதலிற்று. வழக்கு என்றது இலக்கணகாரருக்கு ஊர்ப்பேச்சு, பெறக்கிராசிக்குச் சோறு. ஊர் வழக்கம் கோடேறி வழக்கானதே இந்நூலின் பொருள் என்க.

மண்ணது என்றது ஊரில் முளைத்த சட்டம். கண்டியச் சட்டமும் யாழ்ப்பாணத்துத் தேசவழமையும் இதன்பாற்படும். கண்டியத் திருமணம் இருவகை: பெண் புகுந்த வீடு போனால் டீக, மாப்பிள்ளை பெண் வீட்டோடு வந்தால் பின்ன. யார் யார் வாசலில் செருப்பைக் கழற்றுகிறார் என்பதை வைத்துத் தகப்பன் காணியில் மகளின் பங்கு மாறும். முஸ்லிம்களின் திருமணச் சட்டம் மண்ணதோ கலத்ததோ என ஐயுறுவாரும் உளர். காதி நீதிமன்ற வாசலில் நிற்பவர்களுக்கு அந்த ஆராய்ச்சிக்கு நேரமில்லை.

தேசவழமையோ மண்ணில் முளைத்தும் கலக்காரர் கையால் எழுதப்பட்டது. ஒல்லாந்த ஆளுநர் சிமோன்ஸ் 1706இல் கட்டளையிட, யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் இருந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் எழுதி 1707இல் ஒப்படைத்தார். தமிழில் பெயர்த்துப் பன்னிரண்டு முதலியார்மாரிடம் கொடுத்து, உங்கள் வழமை இதுதானே என்று கேட்டார்கள். அவர்களும் பார்த்துச் சரி என்றார்கள். 1806இல் ஆங்கிலேயர் அதற்குச் சட்ட வலுக் கொடுத்தனர்.

அதில் சொத்து மூன்று. முக்காலம் என்றே கொள்க. முதுசம் இறந்தோர் காலம். சீதனம் நிகழ்காலம், மாப்பிள்ளை வீட்டார் திண்ணையில் இருக்கும்போதே பேசி முடிப்பது. தேடியதேட்டம் சொல்லால் இறந்தகாலம், பொருளால் எதிர்காலம். கலியாணத்துக்குப் பிறகு தேடுவது, இருவருக்கும் பாதிப் பாதி. இவ்வளவு நேர்த்தியான இலக்கணத்துக்கு 1911இன் கட்டளைச் சட்டம் ஒரு புறனடை சேர்த்தது: காணி மனைவியுடையதே என்றாலும், அதைக் கைமாற்றப் புருஷனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். எழுவாய் ஒருத்தி, பயனிலை வேறொருவர் கையில்.

கலத்தது என்றது கப்பலில் வந்தது. முதற்கப்பலில் உரோமன் டச்சுச் சட்டம். ஒல்லாந்தர் போன பின்னும் 1799இன் பிரகடனத்தால் ஆங்கிலேயர் அதை அப்படியே வைத்துக்கொண்டனர். ஒல்லாந்திலோ 1809இல் நெப்போலியனின் சட்டக்கோவை வந்து பழையதைத் தள்ளிவிட்டது. தாய்வீட்டில் எறிந்த செம்பை நாங்கள் இன்னும் புளி போட்டு விளக்கி வைத்திருக்கிறோம். அடுத்த கப்பலில் ஆங்கிலச் சட்டம். வங்கி, கம்பனி, காப்புறுதி முதலியவற்றுக்கு இங்கிலாந்தின் சட்டமே செல்லும் என்றது 1866இன் கட்டளைச் சட்டம்.

வடக்கது என்றது மெக்காலே கல்கத்தாவில் வரைந்த வழியில் வந்த குற்றச் சட்டம். இந்தியாவில் 1860இல் நிறைவேறி, இங்கே 1883இல் தண்டனைச் சட்டக்கோவையாக இறங்கியது. அங்கே 302 என்ற கொலை பாக்குநீரிணை தாண்டி 296 ஆயிற்று. இது எண் திரிபு. 2024 ஜூலையில் இந்தியா அந்தக் கோவையைக் கைவிட்டது. எங்களிடம் அது இருக்கிறது. செம்பு இரண்டு ஆயிற்று.

இனிக் கிளைகள். புறம் என்பது அரசியலமைப்பு, குற்றம், வரி. 1978இன் அரசியலமைப்பே எல்லாவற்றுக்கும் மேலானது என்பர். 2022இல் அதன் 21ஆம் திருத்தம் வந்தது. மேலானதைப் பற்றி இவ்வளவு போதும்.

அகம் என்பது வேலியும் வேலி சார்ந்த இடமும். கவிதையின் அகத்தில் தலைவன் பெயர் சொல்லக்கூடாது. உறுதியின் அகத்திலோ அவன் பெயர், தகப்பன் பெயர், நாலு எல்லைக்காரர் பெயர் எல்லாம் வரவேண்டும். காணி கைமாறினால் நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும் என்பது 1840 முதல் உள்ள விதி.

சின்னம்மாவின் சீதன உறுதி முடித்த அன்று நானும் போயிருந்தேன். நொத்தாரிசர் பழைய உறுதியை விரிக்க, அது மடிப்போடு கிழிந்தது. மூச்சு விடாமல் வாசித்தார்: கிழக்கு ஒழுங்கை, வடக்கு இன்னார் பெண்சாதி இன்னார், கிணற்றில் ஆறில் ஒரு பங்கும் வழிவாய்க்காலும், பனை எட்டு, வடலி பன்னிரண்டு.

“ஐயா, அந்த வடலியெல்லாம் எப்பவோ பனையாப் போச்சு,” என்றாள் அம்மம்மா.

“உறுதியில வடலி எண்டுதான் கிடக்கு, அம்மா.”

வெளியே சுருட்டோடு நின்ற அம்மப்பாவை உள்ளே கூப்பிட்டார்கள். அவர் எதையும் வாசிக்கவில்லை. விரல் காட்டிய இடத்தில் சம்மதக் கையெழுத்தை வைத்துவிட்டு, அணைந்திருந்த சுருட்டுக்கு நொத்தாரிசரிடமே நெருப்புப்பெட்டி கேட்டார்.