வலம் வருதலின் இலக்கணம்: சர்க்யூட் போர்டின் விளிம்பு பற்றிய ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

50 மி.மீ. நீளமும் 30 மி.மீ. அகலமும் உள்ள ஒரு சர்க்யூட் போர்டைத் தகட்டிலிருந்து அறுத்தெடுக்க ஆக்ஸா பிளேடு ஒன்று போதும். ஐந்து நிமிட வேலை. அதையே ஸ்கிரிப்ட் எழுதி மூன்றே மாலைகளில் முடித்துவிடலாம் என்பதை இக்கட்டுரை ஐயந்திரிபற நிறுவுகிறது.

1. இரு மரபுகள்

ஜெர்மனியின் கேட்சாஃப்ட் நிறுவனம் 1988இல் வெளியிட்ட ஈகிள் மென்பொருளில் போர்டின் விளிம்புக்கு 20ஆம் அடுக்கு, மில்லிங்குக்கு 46ஆம் அடுக்கு. போர்டின் எல்லை வேறு, அதை வெட்டும் மில்லிங் பிட் ஓடும் பாதை வேறு என்பது அதன் கொள்கை. பிரான்சில் ழான்-பியேர் ஷாரா 1992இல் தொடங்கிய கிகாடிலோ விளிம்புக்கு 'எட்ஜ் கட்ஸ்' என்று ஒரே அடுக்குதான். முன்னதைத் துவைதம் என்றும் பின்னதை அத்வைதம் என்றும் கொள்க.

இவ்வாய்வாளர் பிறப்பால் அத்வைதி. ஆயினும் 2 மி.மீ. பிட்டைக் கோட்டின் மேலேயே ஓட்டினால் போர்டு நான்கு பக்கமும் ஒவ்வொரு மில்லிமீட்டர் இளைத்துவிடும். சாக்பீஸ் கோட்டிலேயே கத்தரி வைக்கும் தையல்காரரிடம் யார் துணி கொடுப்பார்கள்? எனவே கோட்டுக்கு வெளியே 1 மி.மீ. தள்ளி ஒரு பாதை போடும் பைத்தான் ஸ்கிரிப்ட் தேவையாயிற்று.

2. முதல் மாலை: சேராத முனைகள்

மூலை மழுங்கிய செவ்வகம் பார்வைக்கு ஒரே வளையம். கோப்பினுள் அது நான்கு கோடு, நான்கு வில். வரைந்த வரிசையில் சிதறிக் கிடக்கும். சில தலைகீழாகவும் இருக்கும். ஸ்கிரிப்ட் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டு, அதே புள்ளியில் தலை வைத்திருக்கும் அடுத்ததைத் தேட வேண்டும். தலைகீழாகக் கிடந்தால் புரட்டிப் போட வேண்டும்.

ஏழாவது துண்டோடு தேடல் நின்றது. எட்டாவது எங்கும் போய்விடவில்லை. ஒரு நானோமீட்டர் தள்ளி இருந்தது. கிகாடின் உள் அலகே நானோமீட்டர்தான். ஒரு மில்லிமீட்டருக்குப் பத்து லட்சம். பத்தில் ஒன்பது பொருத்தம் இருந்தும் ஜாதகத்தைத் திருப்பி அனுப்பும் வீட்டாரைப் போல, ஸ்கிரிப்டின் சமக்குறி அந்தத் துண்டை ஏற்க மறுத்தது. 0.01 மி.மீ. வரை அனுசரித்துப் போகும்படி அதற்குப் புத்தி சொல்லும்போது மணி பன்னிரண்டு.

3. இரண்டாம் மாலை: வலமா, இடமா?

பாதை எந்தத் திசையில் சுற்றுகிறது என்பதைப் பரப்பளவின் குறி சொல்லும்: பள்ளிக்கூடக் கணக்கில் கூட்டல் என்றால் இடம், கழித்தல் என்றால் வலம். ஆனால் பள்ளியில் மேல்நோக்கிப் போகும் ஒய் அச்சு கிகாடில் கீழ்நோக்கிப் போகிறது. வலம் வரச் சொன்னால் பாதை இடம் வந்தது. கோயில் பிராகாரமாக இருந்தால் யாராவது பெரியவர் கையைப் பிடித்துத் திருப்பியிருப்பார்.

திசை புரண்டதால் வெளிப்பக்கமும் உட்பக்கமாயிற்று. அப்படியே வெட்டியிருந்தால் 50 மி.மீ. போர்டு 46 ஆகியிருக்கும். நல்ல வேளை, திரையிலேயே கண்ணில் பட்டது.

4. மூன்றாம் மாலை: களஆய்வு

பிட் 1.6 மி.மீ. கனத் தகட்டில் இறங்கி, பழுதில்லாமல் வலம் வந்து, புறப்பட்ட புள்ளியை நெருங்கியது. தொடுவதற்கு ஒரு நொடி முன்பே, பிடிமானம் அற்ற போர்டு சுழன்று பிட்டின் மேல் மோதியது. பிட் இரண்டு துண்டு. போர்டு மறுநாள் காலை துடைப்பத்தில் கிடைத்தது.

இதற்குப் பரிகாரம், பாதையில் நான்கு இடங்களில் வெட்டாமல் விடும் பாலம். 2 மி.மீ. பாலம் வேண்டி 2 மி.மீ. தூரம் பிட்டைத் தூக்கச் சொன்னார் ஆய்வாளர். ஒரு பாலம்கூட மிஞ்சவில்லை. ஸ்கிரிப்டுக்குத் தெரிவது பிட்டின் நடுப்புள்ளி மட்டும். பிட்டின் வயிறு இரு கரையிலும் ஒவ்வொரு மில்லிமீட்டரைத் தின்றுவிட்டது. 2 மி.மீ. மிஞ்ச வேண்டுமானால் 4 மி.மீ. விட வேண்டும் என்பது இரண்டாவது பிட்டைப் பலிகொடுத்துப் பெற்ற தேற்றம்.

5. முடிவுரை

ஒரு நானோமீட்டர் இடைவெளியை அடைக்க ஒரு மாலை முழுக்கப் போராடியவர், மூன்றாம் மாலை தம் கையாலேயே 1,60,00,000 நானோமீட்டரைத் திறந்துவிட்டார். அதன் பிறகே போர்டு ஒழுங்காக வந்தது.

வந்த போர்டு நான்கு பாலங்களில் தகட்டோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அவற்றை அறுக்க ஆய்வாளர் ஆக்ஸா பிளேடை எடுத்தார். ஐந்து நிமிடம் ஆயிற்று.