22 மணி நேரமும் நாலு மணிச் சாயாவும்: எல்லையோர அலைனர் பராமரிப்பு பற்றி ஒரு திணை ஆய்வு

அலைனர் எனப்படும் கம்பியில்லாக் கிளிப்பைப் பல்லில் மாட்டிவிட்டு, கையில் ஒரு தாளையும் கொடுத்தனுப்புவது பல் மருத்துவமனைகளின் வழக்கம். நாளுக்கு 22 மணி நேரம் அது பல்லிலேயே இருக்க வேண்டும். சாப்பிடும்போது கழற்ற வேண்டும். போட்டுக்கொண்டு குடிக்கலாம் என்றால் அது ஆறிய வெறும் தண்ணீர் மட்டுமே. சுடுநீரில் கழுவவே கூடாது. கேரள எல்லைக்குள், கொழிஞ்சாம்பாறையிலோ கோவிந்தாபுரத்திலோ, மூணாற்றிலோ குமுளியிலோ வாழும் தமிழர் இந்தத் தாளைப் படித்தால் ஓர் ஐயம் எழும்: இதை எழுதியவர் வாழ்நாளில் ஒரு தடவையாவது சாயா குடித்திருப்பாரா? இந்த ஆய்வுக்கு அந்த ஐயமே விதை.

முதலில் முன்னோர் பணியை வணங்கிவிடுவோம். ஆய்வேட்டுக்கு அதுதான் லட்சணம். 1945இல் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் ஹரால்டு கெஸ்லிங் என்ற பல் சீரமைப்பு மருத்துவர் ஒரு யோசனை சொன்னார். கம்பி கழற்றிய பிறகு பல்லைச் சிறிதளவு நகர்த்தும் ரப்பர் அச்சு ஒன்றை அவர் செய்திருந்தார். இப்படிப்பட்ட அச்சுகளை வரிசையாக மாற்றிக்கொண்டே போனால் பெரிய நகர்வும் சாத்தியம் என்றார். ஒவ்வொரு அச்சையும் கையால் செய்ய ஆள் ஏது? யோசனை அரை நூற்றாண்டு தூங்கியது. 1997இல் ஸ்டான்ஃபோர்டில் படித்த ஜியா சிஷ்தியும் கெல்சி வர்த்தும் கணினியின் துணையோடு அதை எழுப்பி நிறுவனம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டே அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது. 2017இல் அடிப்படைக் காப்புரிமைகள் காலாவதியாகத் தொடங்கியதும் போட்டியாளர்கள் பெருகினார்கள், சரக்கு நம் பக்கமும் வந்தது. இவர்களில் எவரும் நாலு மணிச் சாயாவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதே இத்துறையின் முதன்மையான ஆய்வு இடைவெளி.

முறையியல் குறித்துக் குழப்பம் வேண்டாம். நிலமும் பொழுதும் முதற்பொருள். உணவும் நீரும் விலங்கும் கருப்பொருள். புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் உரிப்பொருள். தொல்காப்பியர் வகுத்த சட்டகம் இந்தப் பிளாஸ்டிக் தட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது, தட்டு பல்லுக்குப் பொருந்துவதைவிடவும்.

நிலத்திலிருந்து தொடங்கலாம். தட்டின் பிறப்பே சூட்டில்தான். பல்வரிசையின் மாதிரி மேல் பிளாஸ்டிக் தாளைச் சுட வைத்து, இளகியதும் அழுத்தி எடுக்கிறார்கள். ஒவ்வொரு தட்டும் பல்லைக் கால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நகர்த்தும். அந்தக் கால் மில்லிமீட்டருக்காகத்தான் இத்தனை லட்சமும். சூட்டில் உருப்பெற்றது சூட்டில் உருக்குலையும். பாலக்காட்டுச் சமவெளியில் ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும். வேலந்தாவளத்தில் வெயிலில் நிறுத்திய காரின் முன்பலகையில் தட்டு வைக்கும் டப்பாவை வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குள் போனவர், திரும்பி வந்து போட்டுப் பார்த்தால் தட்டு இன்னொருவருடையது போலிருக்கும்.

மலையில் ஆபத்து வேறு திசையிலிருந்து வருகிறது. ஜனவரி விடியலில் மூணாறு சுற்றுவட்டாரத்துப் புல்வெளிகளில் உறைபனி படியும். குழாய்த் தண்ணீரில் விரல் வைத்தால் மரத்துப்போகும். மனிதன் என்ன செய்வான்? அடுப்பில் காயும் வெந்நீரில் ஒரு சொம்பு மொண்டு முகம் கழுவுவான். அதிலேயே தட்டையும் முக்குவான். சமவெளியில் வெயில் செய்த வேலையைக் குறிஞ்சியில் குளிர் செய்து முடிக்கிறது, வெந்நீரைத் தூது அனுப்பி. கை பொறுக்கும் வெதுவெதுப்பே தட்டுக்கு எல்லை.

பொழுது என்பது இன்னும் சிக்கலான பொருள். 24இல் 22 போக மீதி 2 மணி நேரம், அதாவது 120 நிமிடம். எல்லையோரத்து நாள் ஒன்றைப் பிரித்துப் பார்ப்போம். எழுந்ததும் கட்டஞ்சாயா (பால் விடாதது) 10 நிமிடம். காலைப் பலகாரம் 20. பதினொரு மணிச் சாயாவும் பருப்புவடையும் 15. மதியச் சோறு 30. நாலு மணிச் சாயா, கூடவே பழம்பொரி, 20. இரவுச் சாப்பாடு 25. கூட்டினால் 120, கச்சிதம்! ஆனால் ஒவ்வொரு தடவையும் பல் துலக்காமல் தட்டைத் திரும்ப மாட்டக் கூடாதே. ஆறு தடவைக்கு மும்மூன்று நிமிடம் என்று 18 சேர்த்தால் 138. தாள் தோற்றது. கடைத் திண்ணையில் அரசியல் பேசும் நேரம் இதில் சேர்க்கப்படவில்லை.

"கழட்டாம ஒரு வாய் குடிச்சா என்னங்க?" என்று பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் கேட்பார்கள். தட்டில் கறை படியும், ஆனால் பதில் அதோடு முடிவதில்லை. சாதாரணமாக வாயில் விழும் சர்க்கரையை எச்சில் கழுவிக்கொண்டே இருக்கும். தட்டு மாட்டியிருந்தால் இனிப்புச் சாயா பல்லுக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவே தேங்கும். எச்சில் அங்கே எட்டாது. தட்டு பழுப்பேறினால் ஓரிரு வாரத்தில் அடுத்தது வந்துவிடும். பல் சொத்தையானால் அடுத்தது வராது.

கருப்பொருளில் முதன்மையானது நீர். இங்கேதான் மாநில எல்லை வாய்க்குள் வந்து விழுகிறது. கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் ஓட்டலில் உட்கார்ந்தால் டம்ளரில் பச்சைத் தண்ணீர். தாண்டிப்போய் உட்கார்ந்தால் இளஞ்சிவப்பு நிறத்தில் ஆவி பறக்கும் பதிமுக வெள்ளம், அதாவது பதிமுகக் கட்டை போட்டுக் காய்ச்சிய தண்ணீர். வயிற்றுக்கு நல்லது என்பார்கள். ஆனால் பதிமுகக் கட்டை பண்டைக்காலம் தொட்டுத் துணிக்குச் சாயம் ஏற்றிய மரம். சூடும் சாயமும் ஒரே டம்ளரில், அதுவும் இலவசமாக, கேட்காமலே. தட்டை நெளிக்கவும் நிறம் மாற்றவும் யாராவது திட்டமிட்டிருந்தால்கூட இவ்வளவு நேர்த்தியாக அமைந்திருக்காது. கையில் ஆறிய தண்ணீர் பாட்டில் இல்லாமல் எல்லை தாண்டுவது அலைனர்காரருக்கு அழகல்ல.

உணவில் ஒரு நல்ல செய்தி உண்டு. புதுத் தட்டு மாற்றிய முதல் இரண்டு நாள் பல் வலிக்கும், கடிக்க முடியாது. பாலக்காட்டை அடுத்த ராமசேரியில், காஞ்சிபுரத்திலிருந்து குடியேறிய முதலியார் குடும்பங்களின் கைப்பக்குவத்தில், மண்கலத்தின் வாயில் துணி விரித்து அவிக்கும் தட்டை இட்லி இருக்கிறது. பல்லுக்கு வேலையே வைக்காது. இதை மருந்துச் சீட்டிலேயே எழுதலாம். விலங்கில் நாயை நம்பக் கூடாது. எச்சில் வாசமடிக்கும் பிளாஸ்டிக்கைக் கடித்துக் குதறுவதில் உலகெங்கும் நாய்கள் ஒற்றுமையாக இருக்கின்றன. தேக்கடிக் குரங்குகள் பற்றித் தனி ஆய்வு தேவை.

இனி உரிப்பொருள். தட்டு பல்லில் டக்கென்று உட்காருவது புணர்தல். 22 மணி நேரம் இருத்தல். புதுத் தட்டின் வலி ஊடல். பிரிதலுக்குக் களம் கல்யாணப் பந்தி. மணப்பெண்ணின் தோழி பந்தியில் உட்காருகிறாள். பக்கத்தில் பெரியவர்கள். சற்றே சுவர்ப்பக்கம் திரும்பி, கடைவாய்ப் பல்லின் உட்புறம் விரல்நுனி கொடுத்து, இரண்டு பக்கமும் நெம்பிக் கழற்றுகிறாள் (முன்பல்லில் இழுத்தால் விரிசல் விடும் என்று அவளுக்குத் தெரியும்). எச்சில் நூல் அறுகிறது. டப்பா கைப்பையில், கைப்பை அம்மாவிடம், அம்மா மணமேடையில். டிஷ்யூ தாளில் சுருட்டி இலையோரம் வைக்கிறாள். அவியல், ஓலன், பாயசம். சாப்பிட்டு எழுந்து கை கழுவப் போகும் நேரத்தில் இலை எடுப்பவர் வருகிறார். அதற்குப் பிறகு நடப்பது இரங்கல். அப்பாவும் மாமாவும் எச்சில் இலைக் குவியலைக் குச்சியால் கிளறுகிறார்கள். அலைனர் தொலையும் வழிகளில் டிஷ்யூ தாளே தலையானது என்பதைப் பல் மருத்துவர் எவரும் ஒப்புக்கொள்வார். அதனால்தான் பழைய தட்டை உடனே எறியாதே என்கிறார்கள். புதியது தொலைந்தால் பழையதைப் போட்டுக்கொண்டு மருத்துவரை அழைக்கலாம், பல் பின்வாங்காது.

பொருளியல் பற்றி ஒரு சொல்லாவது வேண்டும். 2015இல் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் தமிழ்ப் பெண்கள் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டபோது அவர்களுடைய நாள்கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள், 301 கிடைத்தது. லட்ச ரூபாய் அலைனர் என்றால் அந்த 301 ரூபாய்க் கூலியில் ஏறக்குறைய 332 நாள் உழைப்பு. ஆகவே இந்த ஆய்வின் களம் மலையில் குறுகலானது: வெளியூர் ஐ.டி. வேலையிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளைகளும் கடைக்காரர், ஆசிரியர் வீடுகளும்தான். ஊரிலிருந்து சீரமைப்பு மருத்துவர் கைக்கெட்டாத தூரத்தில் இருப்பதால், தபாலில் வரும் மலிவுத் தட்டு மேல் ஆசை பிறக்கும். வீட்டுக்கே தட்டு அனுப்பிப் பேர்பெற்ற அமெரிக்க நிறுவனமான ஸ்மைல் டைரக்ட் கிளப் 2023 டிசம்பரில் கடையைச் சாத்தியது. பாதிச் சிகிச்சையில் இருந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். போடிமெட்டுக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கித் தேனிக்கோ மதுரைக்கோ போய்வருவது அலுப்புதான். போய்வர வேண்டும். வளைவில் குமட்டினால் முதலில் தட்டைக் கழற்றிக்கொள்ளவும்.

சுத்தம் செய்வதில் மர்மம் எதுவும் இல்லை. மென்மையான பிரஷ், வெதுவெதுப்பான தண்ணீர், நிறமில்லாத சோப்பில் ஒரு துளி. பற்பசை தட்டின் மேல் கீறல் விடும். கீறலில் அழுக்கு குடியேறும். நிறமூட்டிய வாய்கொப்புளிப்பானும் வேண்டாம்.

கோவை, பொள்ளாச்சி, தேனி, மதுரை பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்தத் தாளைத் தமிழில் அச்சடித்து மூன்று வரி சேருங்கள். காலைச் சாயாவைப் பலகாரத்தோடு சேர்த்துக் குடிக்கவும். பதிமுக வெள்ளத்தைத் தட்டு மாட்டிக்கொண்டு குடிக்கக் கூடாது. டப்பா எப்போதும் சட்டைப்பையிலோ கையிலோ இருக்கட்டும், அம்மாவின் பையில் வேண்டாம். நாலு மணிச் சாயாவை நிறுத்தச் சொல்லி மட்டும் எழுதிவிடாதீர்கள். தாளை யாரும் படிக்கவே மாட்டார்கள்.