ஊதும் ரயிலே!

கேள்வி: 1950-களின் அமெரிக்க லயனல் பொம்மை ரயில் கிடைத்திருக்கிறது, டிரான்ஸ்ஃபார்மர்தான் இல்லை. பேட்டரி சார்ஜரின் டிசி கரன்ட் கொடுத்தால் ஓடுமா?

பதில்: பேஷாக ஓடும். விசில் வைத்த பெட்டியும் கூட வந்திருந்தால், நிறுத்தாமல் ஊதிக்கொண்டே ஓடும்! அந்த ரயில் ஓடுவது ஏசியில். அதன்மேல் கொஞ்சம் டிசி சேர்ந்தால் விசில். பக்கத்து வீட்டுக்காரரோடு பழைய பாக்கி ஏதும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம்.

கேள்வி: அப்படியானால் லயனலின் பெரிய இசட்-டபிள்யூ டிரான்ஸ்ஃபார்மரையே வாங்கிவிடவா? 275 வாட்ஸாமே!

பதில்: பெண் பார்க்க வந்த இடத்தில் பிடித்தம் போகாத சம்பளத்தைச் சொல்வார்களே, அந்தக் கணக்கு! சுவரிலிருந்து இழுப்பதுதான் 275. தண்டவாளத்துக்கு வந்து சேருவது குறைவு. ஒற்றை ரயில் வட்டமடிக்க 90 வாட்ஸ் ‘1033’ மாடல் டிரான்ஸ்ஃபார்மரே போதும்.

இரண்டுமே அமெரிக்காவின் 115 வோல்ட்டுக்குச் செய்தவை. நம் ஊர் 230-ல் நேராகச் செருகினால் புகை விடாத டீசல் பொம்மை இன்ஜின் வைத்திருப்பவருக்கும் புகை நிச்சயம். நடுவில் ஸ்டெப்-டவுன் வையுங்கள். பிளக்கில் செருகும் முன் ஒயரை வளைத்துப் பாருங்கள்; ரப்பர் வெடித்து உதிர்ந்தால் முதல் செலவு புது ஒயருக்கு.