குமட்டலுக்கு ஊசி

கேள்வி: பல் செட்டுக்கு அளவெடுக்க டாக்டர் மாவுத் தட்டை வாய்க்குள் வைத்ததுமே எனக்குக் குமட்டிக்கொண்டு வருகிறது. அக்குபஞ்சர் ஊசி குத்தினால் நிற்கும் என்கிறார்களே, நிஜமா?

பதில்: கீழுதட்டுக்கும் மோவாய்க்கும் நடுவிலுள்ள பள்ளம், உள் மணிக்கட்டுக்கு மூன்று விரல் மேலே... குத்துமிடங்கள் இவை. காதிலும் குத்துவார்கள். 2001-இல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் 10 பேருக்குக் காதில் குத்தி நல்ல சேதி சொன்னார்கள். பத்தே பேர்! கல்யாணப் பந்தியில் ஒரு வரிசைகூடத் தேறாது. 2019-இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கும் காக்ரேன் அமைப்பு இருந்த ஆய்வுகளையெல்லாம் அலசிவிட்டு, சான்று ரொம்பப் பலவீனம் என்றது. பயிற்சி பெற்றவர் கையும் புது ஊசியும் என்றால் முயன்று பார்க்கலாம், பெரிய ஆபத்தில்லை. ஊசிக்கும் பயமா? நிமிர்ந்து உட்கார்ந்து மூக்கால் மூச்சு விடுங்கள். அன்றைக்கு மட்டும் மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டுப் போகாதீர்கள். டாக்டரின் கோட்டு வெள்ளை.