ரெண்டு ரங்கராஜன், ஒரு ஃப்ளெக்ஸ்

(ஸ்ரீரங்கம் தெற்கு வாசல் பக்கம் ஒரு ஃப்ளெக்ஸ் கடை. கடைக்காரர் ஒரு காலத்தில் தியேட்டர் பேனர் வரைந்தவர். வந்திருப்பவர் அபிமானி. யாருக்கு என்று கேட்கக் கூடாது, எல்லாருக்கும்.)

அபிமானி: அண்ணே, பத்துக்கு எட்டுல ஒண்ணு. கவிஞர் வாலி ஐயாவுக்கும் எழுத்தாளர் சுஜாதா சாருக்கும் சேர்த்து நினைவஞ்சலி.

கடைக்காரர்: சேர்த்தா? சுஜாதா போனது 2008 பிப்ரவரி 27. வாலி 2013 ஜூலை 18. நினைவு நாளே அஞ்சு மாசம் தள்ளியில்ல வருது?

அபிமானி: அதுக்குத்தான். பிப்ரவரியில கட்டினா ஜூலை வரைக்கும் அவுக்க வேண்டாம். ரெண்டு பேருமே நம்ம ஸ்ரீரங்கம். ரெண்டு பேருக்குமே நிஜப் பேரு ரங்கராஜன். ரெண்டு ரங்கராஜன், ஒரு ஃப்ளெக்ஸ். செலவு பாதி.

கடைக்காரர்: படம் குடு.

அபிமானி: மொபைல்ல ஏழு இருக்கு, பாருங்க.

கடைக்காரர்: ஏழுலயும் நீதானப்பா இருக்கே! நீ கும்பிடறே, நீ போன் பேசறே, நீ கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு நடந்து வர்றே.

அபிமானி: அவங்க படம் நெட்டுல எடுத்துக்கலாம்ணே. மேல ஓரமா ஸ்டாம்பு சைஸ்ல ரெண்டு. நடந்து வர்றது மட்டும் ஆளுயரத்துக்கு வரட்டும்.

கடைக்காரர்: போனது நீதான்னு நெனச்சு யாராவது மாலையோட உன் வீட்டுக்கு வந்துடப் போறாங்க.

அபிமானி: மாலைன்னா நல்லதுதானே? வாசகம் எழுதிக்குங்க. ‘சித்திரை வீதியில் என்னோடு கிரிக்கெட் ஆடிய உயிர் நண்பர் சுஜாதாவே!’

கடைக்காரர்: அவரு இங்க பாய்ஸ் ஹைஸ்கூல் முடிச்சு, ஜோசப் காலேஜ்ல பி.எஸ்ஸி. படிச்சு, குரோம்பேட்டை எம்.ஐ.டி.க்குப் போனது ஐம்பதுகள்ல. நீ எப்பப் பொறந்தே?

அபிமானி: எழுபத்தி நாலு.

கடைக்காரர்: அப்ப நீ ஃபீல்டிங் பண்ணியிருப்பே. ரொம்ப தூரத்துல நின்னு.

அபிமானி: கிண்டல் பண்ணாதீங்க. அடுத்த வரி: ‘திருவெறும்பூர் பெல்லில் ஓட்டு மிஷினைக் கண்டுபிடித்த மேதையே!’

கடைக்காரர்: திருவெறும்பூர் பெல் பாய்லர் செய்யறது. அவர் வேலை பார்த்தது ரேடார் செய்யற பெங்களூரு பெல். ஓட்டு மிஷின் உருவானதுல அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அதுக்காகத் தனியா உக்காந்து கண்டுபிடிச்சார்னு எழுதாதே. அவர் எழுதினது எதையாவது படிச்சிருக்கியா?

அபிமானி: எந்திரன் நாலு தடவை பார்த்திருக்கேன்! சரி, கீழ ‘கண்ணீருடன்’னு போட்டு இந்த லிஸ்டைச் சேருங்க. இருபத்திரண்டு பேர். எல்லாருக்கும் போட்டோ உண்டு.

கடைக்காரர்: இடம் பத்தாதுப்பா. ஸ்டாம்பு ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறுது.

அபிமானி: அப்ப ஒரு ரங்கராஜன் போதும். பேரு ஒண்ணுதானே?

கடைக்காரர்: அட பாவி! அந்த ரெண்டு பேரும் எப்படிச் சேர்ந்தாங்கன்னு தெரியுமா உனக்கு? வாலி இந்த ஊர்ப் பசங்களைச் சேர்த்துக்கிட்டு ‘நேதாஜி’ன்னு கையெழுத்துப் பத்திரிகை நடத்தினார். முதல் பிரதியை வெளியிட்டவர் கல்கி. அந்தக் கூட்டாளிகள்ல சுஜாதாவும் உண்டு. கையால எழுதி, கை மாத்திப் படிச்சாங்க. அது சிநேகிதம். இருபத்திரண்டு பேர் போட்டோவுக்கு நடுவுல ஒரு ரங்கராஜனைத் தேடறது என்ன கணக்கு?

அபிமானி: காலம் மாறிப்போச்சுண்ணே.

கடைக்காரர்: எங்க மாறிச்சு? நடிகர் பாகவதரைப் பாரு. 1944 தீபாவளிக்கு வந்த ‘ஹரிதாஸ்’ மெட்ராஸ் பிராட்வே தியேட்டர்ல மூணு தீபாவளி பார்த்தது. அந்த வருஷம் முடியறதுக்குள்ள ஆள் லட்சுமிகாந்தன் கொலை வழக்குல உள்ள. ஹீரோ ஜெயில்ல, படம் தியேட்டர்ல. 1947ல குற்றமில்லைன்னு வெளிய வந்தார். அப்புறம் நடிச்ச படத்துக்குக் கூட்டம் வரல. 1959 நவம்பர் 1ஆம் தேதி, 49 வயசுல போனார். சங்கிலியாண்டபுரத்துல சமாதி இருக்கு. கொண்டாடின ஜனம் நடுவுல பன்னிரண்டு வருஷம் எங்க போயிருந்தது?

அபிமானி: அப்ப ஃப்ளெக்ஸ் இல்லியேண்ணே, பாவம். அது கிடக்கட்டும், இன்னொரு ஆர்டர் இருக்கு. கீழ அடையவளஞ்சான் வீதியில நம்ம சைக்கிள் கடைக்காரன்...

கடைக்காரர்: அவனுக்கென்ன? ரெண்டு பேரும் ராத்திரி ஆட்டம் பார்த்துட்டு காவேரிப் பாலத்து மேல நடந்தே வருவீங்களே.

அபிமானி: படுத்த படுக்கைண்ணே. டாக்டர் கையை விரிச்சுட்டார். இப்பவே ஆர்டர் குடுத்துட்டா ரேட்டு குறையுமா? தேதியை மட்டும் காலியா விட்டு வைங்க.

கடைக்காரர்: (எழுந்து) என்ன சொன்னே? உன் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன்டா அவன்! நீ கட்டாத தவணையையும் அவன்தான் கட்டினான், ஊருக்கே தெரியும். போய்ப் பார்த்தியா?

அபிமானி: டயம் கிடைக்கலண்ணே. ஸ்டேட்டஸ்ல ‘கெட் வெல் சூன்’ போட்டேன். அவன்தான் இன்னும் பார்க்கல.

கடைக்காரர்: செத்தவனுக்கு எட்டடி, சாகக் கிடக்கறவனுக்கு எட்டு நிமிஷம் கிடையாதா? நீ மட்டும் இல்ல, இந்தக் கடைக்கு வர்ற பாதிப் பேர் இப்படித்தான். ஒருத்தன் போனவுடனே ‘ஈடு செய்ய முடியாத இழப்பு’ம்பான். உசுரோட இருந்தப்ப ஒரு டீக்கு ஈடா அவனை மதிச்சிருக்க மாட்டான். இத்தனை வருஷம் இந்தப் பொய்யை நானும் சதுர அடிக் கணக்குல வித்துக்கிட்டிருக்கேன். உன் ஆர்டர் எதுவும் வேண்டாம். கிளம்பு. ஒரு முழம் மல்லியோ ரெண்டு சாத்துக்குடியோ வாங்கிக்கிட்டு நேரா அவன் வீட்டுக்குப் போ.

அபிமானி: சரிண்ணே, கோச்சுக்காதீங்க. போறேன். அவன் கையைப் பிடிச்ச மாதிரி ஒரு செல்ஃபி எடுத்துட்டு வந்தா, அப்புறம் படம் தேட வேண்டியதில்ல பாருங்க.

கடைக்காரர்: மொபைலை இங்க வெச்சுட்டுப் போ.

அபிமானி: மொபைல் இல்லாமப் போயி அங்க என்னண்ணே பண்றது?